முளையடித்த மாலுமி

கடலில் திமிங்கிலம் இருக்கிறது, காட்டில் கரடி இருக்கிறது, எங்கள் கால்வாய்க் கரையில் முளையடித்த மாலுமி இருக்கிறார். முதல் இரண்டையும் பார்க்க நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். மூன்றாமவர் உங்களைத் தேடி வருவார். புதிதாக வாங்கிய படகை எப்படியோ கரையோரம் கொண்டுவந்து, ஒரு கையில் கயிறும் மறு கையில் முளையும் கக்கத்தில் சுத்தியலுமாக, காற்று படகை ஒரு பக்கம் இழுக்க, நாய் உங்கள் கால்சட்டையை இன்னொரு பக்கம் இழுக்க, மழையும் பிடித்துக்கொள்ள, நீங்கள் தத்தளிக்கும் நேரம் பார்த்து, தேநீர்க் கோப்பையோடு ஒருவர் வந்து நிற்பார். சற்று நேரம் பார்ப்பார். ஒரு மிடறு குடிப்பார். "நானா இருந்தா அப்படிக் கட்ட மாட்டேன்" என்பார். அவர்தான். உதவிக்குக் கை நீட்டுவாரா? எப்படி நீட்டுவார், கையில்தான் கோப்பை இருக்கிறதே.

முளை என்பது படகைக் கட்டுவதற்காகக் கரையில் அடிக்கும் இரும்புக் கம்பி. மற்றவர்கள் சாயங்காலம் அடிப்பார்கள், காலையில் பிடுங்குவார்கள். இவர் அடித்தால் அடித்ததுதான். முளையைச் சுற்றிப் புல் வளர்ந்து, புல்லைச் சுற்றிக் காட்டுப்பூ பூத்து, அதில் தேனீ வந்து உட்காரும். படகைப் பற்றி இவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அந்தப் படகு மட்டும் நகர்ந்து யாரும் பார்த்ததில்லை.

இந்த இனம் எங்கள் கால்வாயில் மட்டும் ஏன் இவ்வளவு செழித்து வளர்கிறது? படகில் குடியிருப்பவனுக்கு விடிந்தால் அடைந்தால் தொல்லை. தொல்லை இருக்கும் இடத்தில் யோசனைக்குப் பஞ்சம் இருக்காது. ஏழடிக்கும் குறைந்த அகலம், அறுபதடி நீளம். ரயில் பெட்டியின் நடைபாதையில் குடித்தனம் நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அடுப்பில் பன்றியிறைச்சித் துண்டு வறுத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவருக்குக் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால், முதலாமவர் சட்டியோடு படுக்கையறை வரை போய்த் திரும்ப வேண்டும். குளிர்காலத்தில் இரண்டு பேர் மூச்சு விட்டால் சன்னல் வியர்க்கும். விருந்தாளி வந்தால் ஆளுக்கொரு துணி கொடுத்துத் துடைக்கச் சொல்வோம். எரிவாயு உருளை தீர்ந்தால் ஞாயிற்றுக்கிழமைதான் தீரும், இறைச்சி பாதி வெந்த நிலையில்தான் தீரும், வெளியே கொட்டுகிற மழையில்தான் அதை மாற்ற வேண்டியிருக்கும். தலையில் சோப்பு போட்ட பிறகுதான் தண்ணீர்த் தொட்டி காலி என்பது தெரியவரும். கரியடுப்பை மூட்டினால் ஒரு முனையில் வெயில்காலம், மறுமுனையில் பனிக்காலம். கணவன் மனைவி ஒரே படகில் இரண்டு பருவங்களில் வாழ்வார்கள்.

பிறகு அந்தப் பெட்டி. எங்கள் கரையில் ஒருவர் காலை வேளையில் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போனால், ஏதோ வெளிநாட்டுப் பயணம் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது கழிவறைப் பெட்டி. நிரம்பிவிட்டது. கொட்டப் போகிறார். எதிரே வருபவர் நின்று வணக்கம் சொல்ல வேண்டும், வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும், பெட்டியை மட்டும் பார்க்கக் கூடாது. இதுதான் எங்கள் நாகரிகம். பெட்டி நல்லதா, படகின் அடியில் பெரிய தொட்டி வைத்து மாதம் ஒருமுறை உறிஞ்சி எடுப்பது நல்லதா, மரத்தூள் போட்டு உலர்த்துவது நல்லதா என்று இங்கே மூன்று மதங்கள் உண்டு. மூன்றும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் சாப்பாடு இறங்காது.

முளையடித்த மாலுமி மூன்று மதங்களுக்கும் குரு.

எங்கள் கரைக்கு வாய்த்தவர் டெரிக் பாஸ்நெட். இங்கிலாந்தில் பென்க்ரிட்ஜ் என்ற ஊருக்குச் சற்று மேலே ஒரு விவசாயியின் வயலோரத்தில் நாங்கள் ஏழெட்டுப் படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கிறோம். வாடகை விவசாயிக்கு, இடம் முந்தியவனுக்கு. முதல் இடத்தில் டெரிக்கின் படகு. தண்ணீர்க் குழாய் அதன் மூக்குக்கு நேரே இருந்தது, பெட்டி கொட்டும் குழி அதன் வாலுக்குப் பத்தடியில் இருந்தது. கால்வாய் வாழ்க்கையில் இதற்கு மேல் ஒரு மாளிகை கிடையாது. படகின் பெயர் 'கிளம்பியாச்சு'. கரும்பச்சை வண்ணமும் சிவப்பு ரோஜா ஓவியமுமாக, பித்தளையெல்லாம் தேய்த்துப் பளபளக்க, கூரைமேல் பூந்தொட்டிகளும் விறகும் தள்ளுவண்டியும் ஓட்டாத மிதிவண்டியும் ஏற்றி, படகுக்கும் கரைக்கும் நடுவே கோரை வளர்ந்து, சுக்கானுக்கு அடியில் நீர்க்கோழி கூடு கட்டிக் குடும்பம் பெருக்கிக்கொண்டிருந்தது. கோழிகூட வருடத்துக்கு ஒருமுறை குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்.

டெரிக்கின் பெருமை அவருடைய முடிச்சு. கயிற்றை எப்படியோ சுற்றி, மடித்து, கீழே விட்டு மேலே எடுத்து, கடைசியில் ஒரு தட்டுத் தட்டுவார். "எந்தப் புயலுக்கும் அவிழாது" என்பார். உண்மைதான். படகு எங்கேயும் போகாவிட்டால் அவிழ வேண்டிய அவசியமும் இல்லைதானே.

போன வசந்தத்தில் காலம் என்ற இளைஞனும் அவன் மனைவி பிரையனியும் ஒரு பழைய படகை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வரிசையின் கடைசியில் கட்டினார்கள். டெரிக்குக்கு அது நல்ல அறுவடை. ஒருநாள் அந்த இளைஞன் கரி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது டெரிக் வந்து நின்றார்.

"என்ன கரி அது?"

"கடையில இதுதான் கொடுத்தாங்கண்ணே."

"கொடுப்பாங்க, கொடுப்பாங்க. புகைக்குழாய் அடைச்சு நீங்க ரெண்டு பேரும் தூக்கத்துலயே போனப்புறம் அவங்களா வந்து பார்ப்பாங்க?"

பிரையனி பயந்துபோனாள். "வேற எது வாங்கணும்?"

"வாங்குறது இருக்கட்டும்மா. முதல்ல அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருக்கு? இடதா? போச்சு."

இடது பக்கம் பார்த்த அடுப்பில் என்ன போய்விட்டது என்று அந்தப் பெண் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இந்த இனத்தின் பேச்சில் 'போச்சு' என்பது முற்றுப்புள்ளி; அதற்கப்பால் விளக்கம் கிடையாது.

ஆனால் ஒன்றை நான் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மனிதருக்குத் தெரியும். வெறும் வாய்ச்சவடால் இல்லை. மதகுத் தொட்டியைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டால் கண் முன்னால் படம் ஓடும். மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்குப் படகு இறங்க எங்கள் கால்வாயில் அங்கங்கே செங்கல் தொட்டி கட்டியிருக்கிறார்கள். நிரம்பிய தொட்டிக்குள் படகை விட்டு, பின்னால் மேல்கதவைச் சாத்தி, முன்னால் கீழ்க்கதவில் இருக்கும் மதகைக் கைப்பிடி போட்டுச் சுழற்றித் திறந்தால் தண்ணீர் வடியும். தண்ணீரோடு படகும் இறங்கும். எங்கே ஆபத்து, என்ன ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று டெரிக் வரிசையாகச் சொல்வார். காலை உணவின்போது சொல்வார். பித்தளை தேய்க்கும்போது சொல்வார். கேட்பதற்கு வேறு ஆள் இல்லாவிட்டால் மனைவியிடம் சொல்வார்.

மனைவி டோரீன் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குட்டையான உருவம், நறுக்கென்ற பேச்சு. ஊர் சுற்றலாம் என்று ஆசை காட்டித்தான் டெரிக் இவரிடம் வீட்டை விற்கச் சம்மதம் வாங்கினார். தோட்டம் போயிற்று, குளியல் தொட்டி போயிற்று, இழுத்தால் தண்ணீர் கொட்டும் கழிவறை போயிற்று. ஊர் மட்டும் வரவில்லை. டோரீன் தினமும் சன்னல் வழியே அதே வேலி, அதே மாடுகளைப் பார்த்தார். மாடுகளாவது வயல் மாறின.

இத்தனை வருடமும் டெரிக் ஏன் கிளம்பவில்லை? கேட்டுப் பாருங்கள், காரணம் கொட்டும். மழை இல்லாவிட்டால் கால்வாயில் தண்ணீர் குறைவு. மழை பெய்தால் தண்ணீர் அதிகம். காற்றடித்தால் படகு நிற்காது. காற்றில்லாவிட்டால் மூடுபனி. கோடையில் வாடகைப் படகுக்காரர்கள் குடித்துவிட்டு மோதுவார்கள். குளிர்காலத்தில் கால்வாய் வாரியத்தார் தொட்டிகளைப் பழுது பார்ப்பார்கள். வசந்தத்தில் நீர்க்கோழி முட்டை வைத்திருக்கிறது, பாவமல்லவா? இலையுதிர் காலத்தில் இலை உதிர்கிறது, படகைத் தள்ளும் எஞ்சின் சுழலியில் சிக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டெரிக்குக்கு நான்கு பருவங்களும் கோணல். உண்மைக் காரணம் கரையில் எல்லோருக்கும் தெரியும். கிளம்பினால் குழாயோரத்து இடம் போய்விடும். நாங்கள் யாரும் அதன்மேல் கண் வைத்திருக்கவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

டோரீனின் அக்கா ஐவி, கிரேட் ஹேவுட் என்ற ஊரில் இருக்கிறார். தோட்டத்தின் கடைசி வேலிக்கு அப்பால் கால்வாய். பேருந்தில் போனால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். படகில் போனால் இரண்டு நாள். ஐவிக்கு இந்த ஜூனில் எழுபது பிறக்க இருந்தது. மே மாதக் கடைசியில் ஒருநாள், டெரிக் கரையில் நின்று எனக்கு மின்கலம் பராமரிப்பதைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, டோரீன் படகிலிருந்து தலையை நீட்டினார்.

"டெரிக். ஐவி பொறந்தநாளைக்கு இந்தப் படகு அவ தோட்டத்து வேலி ஓரமா நிக்கணும்."

"பார்க்கலாம், பார்க்கலாம். காத்து எப்படி இருக்குன்னு..."

"காத்து எப்படி வேணா இருக்கட்டும். படகு போகலேன்னா நான் பஸ்ல போறேன். திரும்பி வர மாட்டேன். அவகிட்ட ரூம் இருக்கு, தண்ணி கொட்டுற கக்கூஸ் இருக்கு. நீ இந்த முளையைக் கட்டிக்கிட்டு இரு."

டெரிக் சிரித்தார். டோரீன் சிரிக்கவில்லை. அன்று மாலை அலமாரிமேல் இருந்த துணிப்பையை இறக்கித் தூசி தட்டிக் கரையில் வெயிலில் காயப்போட்டார். அந்தப் பையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். டெரிக்கும் பார்த்தார். அன்றைக்கு மின்கல வகுப்பு பாதியில் நின்றுவிட்டது.

அடுத்த வாரம், எங்கள் கரை கண்டிராத காட்சியைக் கண்டது. 'கிளம்பியாச்சு' கிளம்பியது. கோரையை அரிவாளால் வெட்டினோம். முளைகளைப் பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. டெரிக் பின்தளத்தில் மாலுமித் தொப்பி போட்டு நின்றார். எஞ்சின் கருப்பாக இருமிவிட்டு உயிர்பெற்றது. உள்ளே சமையல் மேடைமேல் டோரீன் செய்த பிறந்தநாள் கேக், மூன்று அடுக்கு, வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு. காலமும் பிரையனியும் படகைத் தொட்டியில் இறக்குவது எப்படி என்று கற்றுக்கொள்ளக் கூடவே நடந்தார்கள். நான் உதவிக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன்.

முதல் தொட்டி அரை மைலில் வந்தது. எங்கள் கால்வாயில் ஒரு வழக்கம் உண்டு: ஆண் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நிற்பார், பெண் குதித்திறங்கி, இரும்புக் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு ஓடி, மதகைச் சுழற்றி, ஒரு யானை எடை இருக்கும் கதவை முதுகால் தள்ளுவார். கேட்டால், சுக்கான்தான் கடினமான வேலை என்பார்கள். அந்த வழக்கப்படி டோரீன் இறங்கினார். டெரிக் படகை உள்ளே விட்டார், சுவரில் உரசாமல், அழகாகவே விட்டார். நாங்கள் கைதட்டினோம். அங்கேதான் வந்தது வினை.

கைதட்டல் கேட்டதும் மனிதருக்குப் பேச்சு வந்துவிட்டது. எஞ்சினை நிறுத்தினார். பின்கயிற்றை எடுத்துக்கொண்டு கரையேறினார். தொட்டியில் இறங்கும்போது கயிற்றைக் கரையில் நட்டிருக்கும் குட்டை இரும்புத் தூணான குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, படகு இறங்க இறங்கத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். கட்டவே கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே டெரிக்தான். ஆனால் இத்தனை வருடமாக அந்தக் கைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. கயிறு வந்தது, குற்றி வந்தது, கை தானாகச் சுற்றி, மடித்து, கீழே விட்டு மேலே எடுத்து, கடைசியில் ஒரு தட்டும் தட்டியது. அவருடைய வாய் அப்போது பக்கத்தில் நின்ற இளைஞன் காலத்திடம் பேசிக்கொண்டிருந்தது.

"கவனி தம்பி. இறங்குறப்ப நிறையப் பேர் என்ன தப்பு பண்ணுவாங்கன்னா..."

அந்தக் கோடியில் டோரீன் மதகைத் திறந்தார். தண்ணீர் இரைந்துகொண்டு வடிய ஆரம்பித்தது.

"...அவசரம். அவசரம்தான் முதல் எதிரி. ரெண்டாவது எதிரி கவனக்குறைவு. பேசிக்கிட்டே இருப்பான், படகைப் பார்க்க மாட்டான்."

பிரையனிதான் முதலில் பார்த்தாள். "அண்ணே, படகு ஏன் குனியுது?"

படகின் மூக்கு தண்ணீரோடு இறங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் இறங்கவில்லை. கயிறு விறைத்துப்போய், முறுக்கிலிருந்து தண்ணீர் சொட்ட, அத்தனை டன் இரும்பையும் பிடித்துத் தொங்கவிட்டிருந்தது. எந்தப் புயலுக்கும் அவிழாத முடிச்சு. கூரைமேல் இருந்த பூந்தொட்டி ஒன்று மெதுவாக நகர்ந்து, யோசித்து, விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. உள்ளே பீங்கான் ஒவ்வொன்றாக நொறுங்கும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் வடிந்தால் மூக்கு முழுகும்; முழுகினால் படகு உள்ளே நிரம்பித் தொட்டியின் அடியில் உட்கார்ந்துவிடும். அது படகு மட்டுமா? வீட்டை விற்று வாங்கிய வீடு. அது இல்லாவிட்டால் அந்த இரண்டு பேருக்கும் வேறு எதுவும் இல்லை.

அப்போது கரையில் இருந்த நாங்கள் என்ன செய்தோம்? யோசனை சொன்னோம். "முடிச்சை அவிழ்" என்று நான் கத்தினேன். பின்னால் வரிசையில் காத்திருந்த வாடகைப் படகுக்காரர் "எஞ்சினைப் போடு" என்றார். நாயோடு நடந்து வந்த ஒரு பெண்மணி, நின்று பார்த்து, "மறுபக்கம் போய் எல்லோரும் உட்காருங்க" என்றார். எங்கே உட்காருவது என்று சொல்லவில்லை. இளைஞன் காலம் பையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு கயிற்றை நோக்கி ஓடினான்.

"வெட்டாதே" என்றார் டெரிக்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கால்கள் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டன. வாய் மட்டும் நிற்கவில்லை. "விறைச்சு நிக்கிற கயிறை வெட்டக்கூடாது. வெட்டினா அறுந்த முனை உன் மூஞ்சியைப் பிளக்கும். படகு சட்டுன்னு விழும். இந்த மாதிரி சமயத்துல முதல்ல கீழ் மதகை மூடணும். தண்ணி வடியறதை நிறுத்தணும். ரெண்டாவது, மேல் மதகைத் திறந்து தொட்டியை மறுபடி நிரப்பணும். மெதுவா நிரப்பணும். படகு தானா எழும்பும். கயிறு தளர்ந்தப்புறம்தான்..."

சொன்னது அத்தனையும் சரி. ஒரு எழுத்து தப்பில்லை. தன் வீடு கண் முன்னால் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு, ஓர் அங்குலம் நகர முடியாமல், அந்த மனிதர் பாடத்தை மிகச் சரியாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் 'முதல்ல' என்பதற்குள் டோரீன் கீழ் மதகை மூடிவிட்டிருந்தார். அவர் 'ரெண்டாவது' என்றபோது அந்தக் குட்டை உருவம் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு தொட்டியின் முழு நீளத்துக்கும் ஓடி எங்களைத் தாண்டிப் போயிற்று. அவர் 'மெதுவா' என்றபோது மேல் மதகு மெதுவாகத் திறந்தது. காலை உணவுதோறும் கேட்ட பாடம்; டோரீனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தண்ணீர் ஏறியது. மூக்கு நிமிர்ந்தது. கயிறு தளர்ந்து தொங்கியது.

டோரீன் படகுக்குள் போனார். நொறுங்கிய பீங்கானைக் கூட்டித் தள்ளும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது ஒரு கையில் கேக், மறு கையில் ரொட்டி அறுக்கும் கத்தி. கேக்கின் ஒரு பக்கம் சுவரில் மோதிச் சப்பையாகிவிட்டிருந்தது. அதைப் பிரையனியிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.

டெரிக் குற்றியருகே மண்டியிட்டு முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார். படகின் எடையெல்லாம் தொங்கிய முடிச்சு, கல்லாகிவிட்டிருந்தது.

"விடு டெரிக்."

"இதோ, ஒரு நிமிஷம், இந்த மடிப்பை மட்டும் இழுத்துட்டா..."

"அவிழாதுன்னு நீதானே சொன்ன."

கயிற்றை ரொட்டி மாதிரி அறுத்தார். அறுத்து முடித்துவிட்டு, மதகுக் கைப்பிடியை அவர் கையில் வைத்தார். "இந்தா. இனிமே நீ மதகு. சுக்கான் எனக்கு."

"உனக்கு அது பிடிக்கத் தெரியாதே, டோரீன்."

"தெரிஞ்சவங்க பிடிச்சதைத்தான் பார்த்தாச்சே."

டெரிக் எழுந்து நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். வளைவுக்கு அப்பால் குழாயோரத்து இடம் காலியாகக் கிடக்கும். யாராவது இந்நேரம் அங்கே நகர்ந்து வரத் தங்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கலாம். இப்போது நடந்தால்கூடப் போய் நின்று காவல் காக்கலாம். அந்தக் கணக்கெல்லாம் அவர் முகத்தில் ஓடியது. டோரீனும் பார்த்தார். அவர் குரல் தணிந்தது.

"அங்க போறதுன்னா நடந்து போ. நான் தடுக்கல. நான் ஐவி வீட்டுக்குப் போறேன், படகும் போகுது. நீ வர்றியா இல்லியா, அதை மட்டும் சொல்லு. காரணம் சொல்லாதே."

டெரிக் வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து இவ்வளவு நேரம் எதுவும் வராமல் நான் பார்த்ததில்லை. பிறகு கைப்பிடியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்க்கதவை நோக்கி நடந்தார். மதகைச் சுழற்றினார். தண்ணீர் வடிந்தது, 'கிளம்பியாச்சு' நேராக, கட்டில்லாமல் இறங்கியது. அவர் முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ளியபோது அது எவ்வளவு கனம் என்பது முதன்முறையாகத் தெரிந்திருக்க வேண்டும்; முக்கல் எங்களுக்கே கேட்டது.

டோரீன் வெளியே ஓட்டினார். இடப்பக்கச் சுவரில் ஒருமுறை இடித்தார், நியாயமாக வலப்பக்கமும் ஒருமுறை இடித்தார், பிறகு நட்டநடுவே போனார். டெரிக் அடுத்த தொட்டியைத் தயார் செய்யக் கரைப்பாதையில் முன்னே ஓடினார். ஓடும்போதே திரும்பி, "கொஞ்சம் இடது..." என்று ஆரம்பித்தார். டோரீன் அவரைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார் டெரிக்.

அந்தச் சொல்லை அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஐவி கேக்கைச் சப்பைப் பக்கத்திலிருந்து வெட்டினாராம். டெரிக் ஐவியின் கழிவறையில் நின்றுகொண்டு, தண்ணீர்த் தொட்டியின் மிதவை எப்படி வேலை செய்கிறது, அதை ஏன் தப்பாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று விருந்தாளிகளுக்கு விளக்கினாராம். இனம் திருந்துமா என்ன? ஆனால் படகு ஹேவுட்டில் நிற்கவில்லை; இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. சுக்கானில் டோரீன், கரையில் டெரிக். துணிப்பை பழையபடி அலமாரிமேல் ஏறிவிட்டதாக, போய்ப் பார்த்துவிட்டு வந்த பிரையனி சொன்னாள். குழாயோரத்து இடத்தில் இப்போது நான்தான் கட்டியிருக்கிறேன். வெளியாள் யாரும் பிடித்துவிடக் கூடாதே என்றுதான்.

நீங்கள் இவ்வளவு நேரமும் சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கால்வாய்ப் படகைக் கண்ணால் கண்டிராத நீங்கள், மதகுத் தொட்டி என்ற ஒன்று உண்டு என்பதையே சற்றுமுன் அறிந்துகொண்ட நீங்கள், கயிறு விறைத்து நின்ற இடத்துக்கு வந்தபோது, கத்தியோடு அந்த இளைஞன் ஓடுவதற்கு முன்பாகவே, 'அட, கயிற்றை வெட்டித் தொலைக்க வேண்டியதுதானே' என்று மனத்துக்குள் சொன்னீர்களா இல்லையா? இல்லை என்கிறீர்களா? சரி. அப்படியானால் டோரீன் அந்த ஆளை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பீர்கள். அதுவும் இல்லையா? மிகவும் நல்லவர் நீங்கள். ஆனால் இதோ, இந்த இடத்தில், கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, 'நானாக இருந்தால் இதை இப்படி முடித்திருக்க மாட்டேன்' என்று உங்களுக்குத் தோன்றுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?